எதிரில் இருப்பவரின் இடது

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

போனில் எனக்குப் பேச்சு வராது என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுத்திலும் தடம் மாறிவிடுவேனோ என்று பயமாக இருப்பதால், சொல்ல வேண்டியவற்றை முதலில் வரிசையாகக் குறித்துக்கொள்கிறேன்.

1. நீ அனுப்பிய ஸ்பீக்கர் பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது.
2. அதை நானே, தவறில்லாமல் இணைத்தேன்.
3. என் மகன் செய்த ஒலிப்பதிவில் நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு பேச்சு கேட்டது.
4. அதைச் சொன்னது நீ.
5. நான் அதிகம் பேசாதவன்தான். ஆனால் என் மௌனத்தால் இதுவரை யாருக்கும் துன்பம் வந்ததில்லை. ஆகவே, உங்களோடு வந்து தங்கப் போவதில்லை.

நான்காவதை எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அந்த வரியை அடித்துவிடலாமா என்றும் யோசித்தேன். அடிக்கவில்லை.

முதலில் பெட்டி. ஐந்து சிறிய ஸ்பீக்கர்கள், கனத்த ஒலிக்கு ஒரு பெரிய ஊஃபர், பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிற ஒயர்கள், எல்லாம் இருந்தன. எனக்கு வசதியாக இருக்கும் என்று விளக்கத்தாளைப் பெரிய எழுத்தில் நீயே எழுதி வைத்திருந்தாய். அதற்கு நன்றி. இந்தக் கடிதத்தில் நன்றி சொல்வது எனக்கே விநோதமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லாமல் விடக் கூடாது.

இரண்டாவது, இணைப்பு. முன்னறையைக் கட்டத்தாளில் அளவோடு வரைந்தேன். என் நாற்காலி நடுவில், தெரு ஜன்னலைப் பார்த்தபடி. எதிரில் கம்ப்யூட்டர். என் பழைய தொழில் பழக்கப்படி, எதிரில் இருப்பதன் இடது எது, வலது எது என்று தீர்மானித்துக்கொண்டு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் சீட்டு ஒட்டினேன். ஒயர்களை அந்தச் சீட்டின்படி மாட்டினேன். கம்ப்யூட்டரில் சோதனைப் பக்கம் ஒன்று இருக்கிறது அல்லவா? திரையில் ஸ்பீக்கர் படம் ஒவ்வொன்றாக மினுங்க, அதற்குரியது 'டிங்' என்று ஒலிக்கும். ஐந்தும் ஒலித்தன. ஐந்துக்கும் டிக் போட்டேன். ஊஃபரைப் போட்டபோது மட்டும் மாடிவீட்டுத் தையல்காரர் இறங்கி வந்தார். "என்ன சார், லாரி ஏதும் வீட்டுக்குள்ள வந்துடுச்சா?" என்றார். குறைத்துவிட்டேன்.

மூன்றாவது. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கும். உன் அத்தை நம்மை விட்டுப் போவதற்குப் பத்து மாதம் முன்பு. புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைச் சோதித்துப் பார்க்க என் மகன் அதை இங்கே கொண்டு வந்திருந்தான். என் நாற்காலிக்குப் பின்னால், தலை உயரத்தில், ஒரு கம்பியில் ஐந்து மைக் பொருத்தி, "அப்பா, கொஞ்ச நேரம் ஆடாம உக்காருங்க" என்றான். அதற்கு உன் அத்தை, "யாருகிட்ட சொல்ற? ஊரையே மூச்சைப் பிடிச்சு நிக்க வச்ச மனுஷன்டா இவரு" என்றாள். எக்ஸ்ரே அறையில் நான் நாளெல்லாம் சொன்ன வார்த்தையே எனக்குப் பட்டப்பெயராகிவிட்டது அவளால்தான். மருத்துவமனை முழுக்க என்னை 'மூச்சுப்பிடி' என்றார்கள்.

அந்தப் பதிவைப் பழைய இரண்டு ஸ்பீக்கரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். நாற்பத்தோராம் நிமிடத்தில் ஒரு முணுமுணுப்பு வரும், புரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆசை. புது ஸ்பீக்கரில் நேராக அங்கேதான் போனேன். எனக்குப் பின்னால் நீயும் அத்தையும் போர்வை மடிக்கிறீர்கள். துணி உதறும் ஓசை கேட்கிறது. அப்புறம், என் முதுகுக்கு வலப்பக்கத்திலிருந்து, தெளிவாக, குசுகுசுவென்று:

"இவரோட ஒரு வாரம் சேந்தாப்ல இருக்க முடியாது. வாயே தொறக்காம ஆளைக் கொன்னுடுவாரு."

இடப்பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு, அடக்கிக்கொண்டது.

நான்காவது. குசுகுசுப்பில் குரல் யாருடையது என்று தெரியாது. எல்லார் குசுகுசுப்பும் ஒன்று போலத்தான் இருக்கிறது. ஆனால் இடம் தெரியும். உன் அத்தை எப்போதும் சமையலறை வாசல் பக்கம்தான் நிற்பாள், அடுப்பின்மேல் ஒரு கண் இருக்க வேண்டும் என்பதற்காக. அது என் இடப்பக்கம். வலப்பக்கம் படுக்கையறை. அங்கே நின்றது நீ. சொன்னது நீ, சங்கடத்தில் சிரித்துவைத்தது அவள்.

பேச்சைவிட எனக்கு வலித்தது 'இவர்' என்ற சொல். உன் வாயிலிருந்து 'மாமா' தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை.

ஐந்தாவதை விரிக்க வேண்டியதில்லை. பதினெட்டாம் தேதி நீங்கள் ஏற்பாடு செய்திருக்கும் வண்டியை வேண்டாம் என்று சொல்லிவிடு. என் மகனிடம் முழங்கால் வலி என்று சொல்லியிருக்கிறேன். முழங்காலும் உண்மையில் வலிக்கத்தான் செய்கிறது.

நான் தவறாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்.

மாமா

---

மார்ச் 10

மாமாவுக்கு,

எனக்கு உங்களை மாதிரி நம்பர் போட்டு எழுத வராது. பேசுற மாதிரியே எழுதுறேன்.

லெட்டர் கண்ணாடிக் கடைக்கு வந்துச்சு. ஒருத்தரு கண் டெஸ்டுக்கு உக்காந்திருந்தாரு. மாமா லெட்டர்னு ஆசையா அங்கேயே பிரிச்சேன். படிச்சு முடிச்சுட்டு அவருக்கு எந்தக் கண்ணாடியை மாட்டினேன்னே தெரியல. "ஏம்மா, எழுத்தெல்லாம் ஈ மாதிரி பறக்குதே" ன்னாரு.

வண்டியை வேண்டாம்னு சொல்லிட்டேன்.

உங்க ரூமுக்கு ஜன்னல் திரை மாத்தியிருந்தேன். குளிக்கிற இடத்துல பிடிச்சுக்கிறதுக்கு ஒரு கம்பி போட்டிருந்தேன். அதைப் பிடுங்கினா டைல்ஸ் உடையுமாம். அதனால அது அங்கேயே இருக்கட்டும்.

நான்தான் சொன்னேனான்னு நீங்க கேக்கக்கூட இல்லை. சொன்னது நீன்னு எழுதிட்டீங்க. சரி மாமா, நான் சொன்னதாவே வச்சுக்கங்க. அதுக்கு என்ன தண்டனையோ அதை எனக்குக் குடுங்க. உங்க பையன்கிட்ட சொல்லணும்னாலும் சொல்லுங்க. இவரு அந்தப் பதிவை ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்லை. ஒலிப்பதிவு வேலையில நாளெல்லாம் சத்தம் கேக்குறவருக்கு வீட்டுச் சத்தம் கேக்க எங்க நேரம்?

ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். அந்த நாப்பத்தோராம் நிமிஷத்தைத் திரும்பத் திரும்பப் போடாதீங்க. எனக்காக இல்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்.

மாத்திரை நேரத்துக்குப் போடுங்க. முழங்காலுக்கு அந்தப் பச்சை டப்பா தைலம், சிவப்பு டப்பா இல்ல.

மருமகள்

---

மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. 'வச்சுக்கங்க' என்று எழுதியிருக்கிறாய். ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா என்பது எனக்கு விளங்கவில்லை. ஒப்புக்கொள்வதாகவே எடுத்துக்கொண்டேன். திரும்பப் போடாதே என்று நீ சொன்னதும் அதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் உன் சொல்லை நான் கேட்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தை மட்டும் இதுவரை பதினேழு தடவை கேட்டுவிட்டேன். உன் அத்தையின் சிரிப்புக்காகக் கேட்டேன் என்று வைத்துக்கொள்.

இனி இந்த ஸ்பீக்கர்கள் இங்கே இருப்பது சரியல்ல. நீ வாங்கித் தந்த பொருளை வைத்துக்கொண்டு உன்னைக் குற்றம் சொல்வது எனக்கு அசிங்கமாக இருக்கிறது. வந்த அட்டைப் பெட்டியிலேயே அடுக்கித் திருப்பி அனுப்புகிறேன். கட்ட உதவுவதாகத் தையல்காரர் சொல்லியிருக்கிறார்.

பச்சை டப்பாவைத்தான் தடவுகிறேன்.

மாமா

---

மார்ச் 17

அன்புள்ள மருமகளுக்கு,

முந்தைய கடிதத்தின் பின்னாலேயே இது வரும். முடிந்தால் இதை முதலில் படி. அது முடியாது என்பதும் தெரிகிறது.

நேற்று மத்தியானம் தையல்காரர் கயிறும் கத்தரியுமாக வந்தார். கழற்றப் போகும் நேரத்தில், "சார், இத்தனை நாளா உங்க லாரிச் சத்தத்தை மட்டும்தான் கேட்டேன். ஒரு தடவை ஒழுங்காக் கேக்க விடுங்க, அப்புறம் கட்டுவோம்" என்றார். என் நாற்காலியில் அவரை உட்கார வைத்து, பதிவை முதலிலிருந்து போட்டேன். நாற்பத்தோராம் நிமிடத்துக்கு முன்பே நிறுத்திவிடுவதாக உத்தேசம்.

பன்னிரண்டாம் நிமிடத்தில் அவர் திரும்பிப் படுக்கையறையைப் பார்த்தார்.

"சார், உங்க பெட்ரூம்ல பாத்திரம் கழுவுறாங்க."

"அது பதிவு" என்றேன்.

"பதிவுதான் சார். கொழாத் தண்ணி, தட்டு, கரண்டி எல்லாம் நல்லாக் கேக்குது. ஆனா பெட்ரூம்லேருந்து கேக்குதே? யாரு சார் கட்டில்மேல கரண்டி கழுவுறது?"

அவரை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன். சமையலறைக் குழாய் என் வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

உடனே எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? என் மகன் பதிவில் இடம் வலத்தை மாற்றிவிட்டான் என்று. இதையும் எழுதிவிடுகிறேன். என் தவறாக இருக்கலாம் என்பது எனக்குக் கடைசியாகத்தான் தோன்றியது. எதற்கெடுத்தாலும் என்னையே சந்தேகப்படுகிறவன் என்று எனக்கொரு பெயர் உண்டு. வேண்டிய இடத்தில் அது உதவவில்லை.

கட்டத்தாளை அவரிடம் காட்டி விளக்கினேன். முப்பத்தெட்டு வருஷம் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ஆள் என்னைப் பார்த்து நிற்பார். அவருடைய இடது, என் வலது. படத்தின் ஓரத்தில் எல், ஆர் என்று ஈய எழுத்தை வைக்கும்போது எப்போதும் எதிரில் இருப்பவரின் இடதுதான் இடது. அதை மாற்றி வைத்தால் டாக்டர் தவறான பக்கத்தை அறுத்துவிடுவார். ஒரு தடவைகூட நான் மாற்றி வைத்ததில்லை. அதே கவனத்தோடு, கம்ப்யூட்டரை எனக்கு எதிரில் நிற்கும் ஆளாக நினைத்து, அதன் இடதை என் வலப்பக்கம் வைத்திருக்கிறேன். முன்னாலும் அப்படி, பின்னாலும் அப்படி. சோதனையில் திரையில் இடதுபக்கப் படம் மினுங்கி, வலப்பக்கம் ஒலி வந்தபோது, சரியாக இருக்கிறது என்று நானே டிக் போட்டிருக்கிறேன்.

தையல்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"சார் சொல்றது கரெக்ட்டு. நானும் அப்படித்தான் வெட்டுவேன். சட்டையைப் போட்டுக்கிறவங்களோட இடதுதான் இடது. இடது பக்கம் பாக்கெட்டுன்னா அவங்க நெஞ்சுல இடது." நாற்காலியைக் கையால் காட்டினார். "ஆனா சார், இங்க சட்டையைப் போட்டுக்கிறவரு நீங்கதானே?"

அவரை அனுப்பிவிட்டேன். பெட்டியைக் கட்டவில்லை.

ஒயர்களை மாற்றினேன். ஒரு மணிநேரம் ஆயிற்று. சீட்டுகளைக் கிழித்துப் புதிதாக ஒட்டினேன். நாற்பத்தோராம் நிமிடத்தைப் பதினெட்டாவது தடவையாகப் போட்டேன்.

இடப்பக்கத்திலிருந்து குசுகுசுப்பு வந்தது. வலப்பக்கத்திலிருந்து சிரிப்பு.

சொன்னது அவள். அவள் சொன்னால் 'இவர்' என்றுதான் சொல்லியிருப்பாள். திருமணமான நாள் முதல் அப்படித்தான் சொன்னாள். ஒயர்களைத் தொடாமலே அந்த ஒரு சொல்லில் நான் இதைத் தெரிந்துகொண்டிருக்கலாம். உனக்கோ முதலிலேயே தெரியும். நீ அவளைக் காட்டிக்கொடுக்காமல், "நான் சொன்னதாவே வச்சுக்கங்க" என்று எழுதினாய். நான் அதை ஒப்புதல் வாக்குமூலம் என்று எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?

மாமா

---

மார்ச் 23

மாமாவுக்கு,

ரெண்டு லெட்டரும் ஒரே நாள்ல வந்துச்சு. நீங்க சொன்ன மாதிரியே தப்பான லெட்டரைத்தான் முதல்ல பிரிச்சேன். அது என் ராசி.

சொல்லாமலே இருந்திடலாம்னுதான் நினைச்சேன். இப்ப நீங்களே கேட்டதால சொல்றேன். மறைச்சா அதுவும் உங்களுக்குத் தப்பான பக்கத்துலேருந்துதான் கேக்கும்.

அந்த ஞாயித்துக்கிழமைக்கு முந்தின திங்களன்னிக்கு அத்தை இருமலுக்காக எடுத்த எக்ஸ்ரேயை வீட்டுக்குக் கொண்டு வந்தாங்க. டாக்டர்கிட்டப் போக அடுத்த வாரம்தான் நேரம் குடுத்திருந்தாங்க. நீங்க அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தீங்களாம். திரும்ப உறையில போட்டு, அலமாரி மேல வச்சீங்களாம். அன்னிலேருந்து வீட்டுல பேச்சே இல்லையாம். "சாப்பாடு போடவா?" ன்னா தலையாட்டுறது. "தூங்கலையா?" ன்னா தலையாட்டுறது.

போர்வை மடிக்கிறதுக்கு முன்னாடி கிச்சன்ல வச்சு எங்கிட்ட சொன்னாங்க. "படத்துல என்னமோ இருக்குடி. இவரு மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டேன். இன்னிக்கு சொல்வாரு, நாளைக்கு சொல்வாருன்னு ஆறு நாளாச்சு. நானாவே கேட்டா இவரு உடைஞ்சு போயிடுவாரோன்னு கேக்காம இருக்கேன்."

"வா, போர்வையப் புடி" ன்னு கூட்டிட்டு வந்தாங்க. ரெண்டு முனையை அவங்க பிடிச்சிருந்தாங்க, ரெண்டு முனை என் கையில. எங்களுக்கு முன்னால நீங்க அசையாம உக்காந்திருக்கீங்க. அப்பத்தான் என்னைப் பாத்து அதைச் சொன்னாங்க, கண்ணை உருட்டிக்கிட்டு, வேடிக்கையா. நான் சிரிக்கணும்னுதான் சொன்னாங்க மாமா. நான் சிரிக்கலைன்னா அவங்க அழுதிருப்பாங்க. அதான் சிரிச்சேன். அந்தச் சிரிப்பு என்னுதுதான். அதை நீங்க அத்தை சிரிப்புன்னு பதினேழு தடவை கேட்டீங்கன்னு படிச்சப்ப லெட்டரை மடிச்சுக் கீழ வச்சுட்டேன்.

உங்க மேல கோவம் இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். இருக்கு. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா, "நீயாம்மா சொன்ன?" ன்னு. அத்தைக்கும் ஒரு வார்த்தைதான் தேவைப்பட்டுச்சு.

ரூம் அப்படியேதான் இருக்கு. கம்பியும் இருக்கு. ஆனா நான் இனி கூப்பிட மாட்டேன். வண்டியும் அனுப்ப மாட்டேன். வரணும்னா நீங்களே வாயைத் தொறந்து கேக்கணும். நம்பர் போட்டுக் கேட்டாலும் பரவாயில்லை.

மருமகள்

---

மார்ச் 30

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாளாகியும் பதில் எழுதவில்லை. மறுபடியும் அதையே செய்கிறேன் என்று இன்று காலையில்தான் உறைத்தது. உடனே உட்கார்ந்துவிட்டேன்.

ஆம், பார்த்தேன். வலது நுரையீரலின் அடியில், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு நிழல். ஆர் எழுத்து சரியான பக்கத்தில்தான் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். அப்புறம் உறையில் போட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. படம் எடுக்கிறவன் கண்டதை நோயாளியிடம் சொல்லக் கூடாது; அது டாக்டரின் வேலை. "எப்படிங்க இருக்கு?" என்று ஆயிரக்கணக்கானவர்கள் என் முகத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். "டாக்டர் சொல்வார்" என்று முகத்தில் ஒன்றும் காட்டாமல் அனுப்பியிருக்கிறேன். நல்ல விதி அது. ஆனால் என் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றவளையும் அந்த வரிசையில் நிறுத்திவிட்டேன். டாக்டரிடம் போக ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். விடலாம் என்று நான் சொல்லவே இல்லை.

அவளுக்குத் தெரியாது என்றுதான் இதுநாள்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவளைக் காப்பாற்றியதாகக்கூட நினைத்தேன். இதை எழுதக் கூசுகிறது.

நேற்று பதிவை முதலிலிருந்து கடைசிவரை, முதல் முறையாகச் சரியான பக்கங்களில் கேட்டேன். அவள் இடப்பக்கம் இருந்தாள், நீ வலப்பக்கம் இருந்தாய், என் மகன் எதிரில் ஒயர்களைத் திட்டிக்கொண்டிருந்தான். ஒரு மணிநேரம் ஐம்பது நிமிடம். எல்லார் குரலும் இருக்கிறது. என் குரல் எங்கும் இல்லை. ஒரு தடவை நான் இருமுகிறேன், அவ்வளவுதான்.

கேட்பது எப்படி என்று எனக்குப் பழக்கமில்லை. நம்பர் போட்டாலும் பரவாயில்லை என்றாய். ஒன்றே ஒன்றுதான் இருப்பதால் நம்பர் தேவைப்படவில்லை: அம்மா, நான் உங்களோடு வந்து இருக்கலாமா? வண்டி வேண்டாம். பஸ்ஸில் வந்துவிடுவேன். ஸ்பீக்கர்களை மடியில் வைத்துக்கொள்வேன். ஊஃபரைத் தையல்காரர் ஏற்றிவிடுவதாகச் சொன்னார். "சார், லாரி கிளம்புதா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது போல் தோன்றியது. நான் தவறாகப் பார்த்திருக்கலாம்.

வேண்டாம் என்று நீ எழுதினாலும் எனக்கு நியாயமாகவே படும்.

கடைசியாக, என் முதல் கடிதத்தில் ஒரு திருத்தம். அதன் நகல் என்னிடம் இருக்கிறது. நான்காவது குறிப்பு தவறு என்று நீ முன்பே அறிவாய். அது ஒயரால் வந்த தவறு; ஒரு மணிநேரத்தில் மாற்றிவிட்டேன். ஆனால் அதற்குக் கீழே, என் மௌனத்தால் யாருக்கும் துன்பம் வந்ததில்லை என்று, எந்தச் சோதனையும் செய்யாமல், ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். ஐந்தாவது. அது தவறு.

மாமா